கருப்பைக்கு ஒரு கணக்கப்பிள்ளை

2018 பெப்ரவரி 26. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவரின் தட்டில் வெள்ளையாக ஒரு கட்டி கிடந்தது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கூட்டம் கூடியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசலும் தப்பவில்லை. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்து அது மாவுக் கட்டி என்றார். தின்றவரை மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்கேயும் கிடையாது என்று வைத்தியர்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள். யார் காதில் ஏறியது? அடுத்த கிழமை திகனையும் கண்டிச் சுற்றுப்புறமும் எரிந்தன. அதற்கு வேறொரு காரணம் கிடைத்திருந்தது.

அடுத்த வருடம் மே 23இல் திவயின பத்திரிகையின் முதற்பக்கம், ஒரு வைத்தியர் 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்குக் களவாகக் கருத்தடை செய்துவிட்டார் என்றது. ஓரிரு நாளில் குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி உள்ளே போனார். பிக்குகள் உண்ணாவிரதம் இருந்தார்கள், தொலைக்காட்சிகள் விடிய விடிய விவாதித்தன. கடைசியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் எதுவும் இல்லை என்றது. அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்து, சம்பள நிலுவையும் கொடுத்தார்கள். 2022இல் நாடு மருந்தில்லாமல் தவித்தபோது, அந்த நிலுவையை மருந்து வாங்கவென்று சுகாதார அமைச்சுக்கே அவர் திருப்பிக் கொடுத்தார். வெட்கப்பட வேண்டியவர்கள் யாரும் வெட்கப்பட்டதாகத் தகவல் இல்லை.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு தாயின் கருப்பை மேல் இந்த நாட்டுக்கு இருக்கும் பதைப்பை நீங்கள் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. நடக்காத கருத்தடைக்கே ஊர் எரியும். அப்படியானால் நடந்த கருத்தடைக்கு?

பதுளைக்கு வாருங்கள். பசறைப் பாதையில் ஏறுங்கள், லுணுகலை, மடுல்சீமை வரை போங்கள். இந்தப் பக்கம் தெமோதரை, ஸ்பிரிங்வெலி, நமுனுகுல. அந்தப் பக்கம் பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை. தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் எந்தக் கிழவியையும் கேளுங்கள். "நிப்பாட்டியாச்சு" என்ற ஒரே வார்த்தையில் கதையைச் சொல்லி முடித்துவிடுவாள். யார் நிப்பாட்டியது என்று கேட்டால் ஒருமுறை உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். இதையெல்லாம் கேட்பதற்கென்று இதுவரை யாராவது மலையேறி வந்திருந்தால்தானே அவளிடம் பதில் தயாராக இருக்கும்?

1980ஆம் ஆண்டு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவருக்குக் காசு கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தது. நூறு ரூபாவில் தொடங்கியது. அதே வருடத்திலேயே 500 ஆக ஏறியது. பிறகு இறங்கி, மறுபடி ஏறியது, ஏலக்கடையில் சாமான் விலை ஏறி இறங்குவது போல. நாடு முழுவதற்கும் பொதுவான திட்டம்தான், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பார்கள். உண்மைதான். கொழும்பு கறுவாத்தோட்டத்தில் காரில் போகிறவருக்கும் 500 ரூபா, நாட்கூலியில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுந்து அழுகிறவளுக்கும் 500 ரூபா. சமத்துவம் என்றால் இதுவல்லவா சமத்துவம்! ஒருவருக்கு அது ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு. இன்னொருத்திக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அதிலும் 1973, 74 பஞ்சத்தில் மரவள்ளியும் இலைதழையும் தின்று, பிள்ளைகளைப் புதைத்த சனத்துக்கு அந்தக் காசு எப்படித் தெரிந்திருக்கும்? இதற்குப் பெயர் சுயவிருப்பம்.

காசு ஏறிய புதிதில் ஆண்களும் வரிசையில் நின்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு காசின் மவுசு குறைந்தது. ஆண்கள் காணாமல் போனார்கள். ஆணுக்குச் செய்வது சில நிமிடச் சின்ன வேலை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், "பெலம் போயிரும், கவ்வாத்து வெட்ட ஏலாது" என்று நம் ஆம்பிளைகள் ஒதுங்கிக்கொண்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பெலம் போகாதாம். அவள் வயிற்றில் தையல் காய்ந்ததும் பெரட்டுக்குப் போகலாம், கூடையைத் தலையில் மாட்டலாம், செங்குத்து மலையில் ஏறலாம். அரசாங்கத்தைத் திட்டும்போது இதை மறைத்துவிட்டால் நானும் ஒரு தொழிற்சங்கத் தலைவர் ஆகிவிடுவேன்.

தோட்டத்தில் இந்தக் காரியம் எப்படி நடந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டத்து லொறி வரும். சம்பளத்தோடு லீவு கிடைக்கும். துரைக்குச் சம்மதம், டிஸ்பென்சரி ஐயாவுக்குச் சம்மதம், கணக்கப்பிள்ளைக்குச் சம்மதம். இத்தனை பேர் சம்மதித்த பிறகு அவள் ஒருத்தியின் சம்மதத்துக்கு எங்கே இடம்? காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதே லொறியைக் கேட்டுப் பாருங்கள். டீசல் இல்லை, டிரைவர் இல்லை, துரை பங்களாவில் இல்லை. இருக்கிற பிள்ளையைக் காப்பாற்ற வராத லொறி, இனிப் பிறக்கப்போகும் பிள்ளையைத் தடுக்க விடியற்காலையில் வந்து நிற்கும்.

படிவம் சிங்களத்தில் இருக்கும். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் மே தினத்தில் முழங்குவார்கள். மலையில் இருந்து இறங்கி வைத்தியசாலைக்குள் நுழையும்போது அந்தத் திருத்தம் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படும். நோவெடுத்துக் கத்திக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஒரு தாளை நீட்டுவார்கள். "அத்சன் கரன்ன" என்பார்கள். அவள் கையெழுத்து வைப்பாள், இல்லாவிட்டால் பெருவிரல் வைப்பாள். பிள்ளைக்கா, சத்திரசிகிச்சைக்கா, நிப்பாட்டுவதற்கா என்று வாசித்துப் பார்த்துப் போட அது என்ன துரை எழுதும் கடிதமா? சசிகுமார் பாலசுந்தரம் என்ற மானுடவியல் ஆய்வாளர், தோட்டங்களில் நடந்த கருத்தடை அத்துமீறல்களைப் பற்றி 2011இல் விரிவாக எழுதினார். கருப்பைக் களவு என்றே தலைப்பிட்டார். எந்தத் தொலைக்காட்சியும் விடிய விடிய விவாதிக்கவில்லை. எந்தப் பிக்குவும் பட்டினி கிடக்கவில்லை. எந்தக் கடையும் உடையவில்லை. நாம் அமைதியான சனமாம். அப்படித்தான் சுற்றுலாப் புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். கருத்தடை பாவம் என்று உபதேசிக்க நான் வரவில்லை. பத்துப் பெற்று நாலைப் புதைத்த பாட்டிகளின் பேத்திகள், இரண்டோடு போதும் என்று தாமாகவே முடிவெடுத்துச் செய்துகொண்டதும் உண்டு. அது அவர்கள் உரிமை, அதை அவர்களுக்குக் கொடுத்த மருத்துவிச்சிகளுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். மாத்திரை, ஊசி, லூப் என்று இத்தனை வழி இருக்க, திரும்பி வரமுடியாத ஒற்றை வழியை மட்டும் மலையகப் பெண்ணுக்குக் காட்டினார்கள் என்பதுதான் வழக்கு. மற்ற முறைகளுக்குத் திரும்பத் திரும்ப கிளினிக் வர வேண்டும், அவளுக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும், அவளை மனுஷி என்று நினைக்க வேண்டும். ஒரே வெட்டில் முடிப்பது எல்லோருக்கும் லேசு. கவ்வாத்தும் அப்படித்தானே. ஆனால் கவ்வாத்து வெட்டிய செடி மறுபடி துளிர்க்கும்.

லயத்தின் நியாயம் ஒன்றையும் கேளுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதில் மாமன், மாமி, மகன், மருமகள், பேரப்பிள்ளை, ஒரு மூலையில் அடுப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. காம்பராவைப் பெருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. காம்பராவுக்கு ஏற்றபடி குடும்பத்தைக் குறைக்கலாம் என்று தோன்றியது. வீட்டுப் பிரச்சினைக்கு வைத்தியசாலையில் தீர்வு கண்ட ஒரே நாடு என்ற பெருமையை யாராவது ஐக்கிய நாடுகள் சபையில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கு நேற்று இன்று தொடங்கியதல்ல. கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலும் ஆண்கள். சீசனுக்கு வந்து திரும்பிப் போவார்கள். தேயிலை வந்தது, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும், பெண் விரல் வேண்டும் என்றானது. அப்போது குடும்பம் குடும்பமாக வா என்றார்கள். பிள்ளை பெறு என்றார்கள். பெற்ற பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானால் அரைச் சம்பளத்துக்கு மலைக்கு அனுப்பலாம். கருப்பை அப்போது கம்பனியின் நாற்றுமேடை. 1948இல் சுதந்திரம் வந்தது. அதே வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை நாடற்றவர் ஆக்கியது. அப்போது கருப்பை வாக்குப்பெட்டிக்கு ஆபத்து. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அரிசி மூட்டையைப் பிரிக்கும்போது சிந்துவதையாவது யாராவது கூட்டி அள்ளுவார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இந்தியாவுக்குப் போகும் 5,25,000 பேரோடு அவர்களுடைய இயற்கைப் பெருக்கமும் போக வேண்டும், இலங்கைக்குக் கிடைக்கும் 3,00,000 பேரோடு அவர்களுடைய இயற்கைப் பெருக்கமும் சேரும் என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது 1966இல் பசறையில் ஒரு லயத்தில், மழை ஒழுகும் தகரத்துக்குக் கீழே ஒரு பிள்ளை பிறக்கிறது. தாய் பால் கொடுக்கிறாள், பாட்டி பெயர் வைக்கிறாள். இரண்டு தலைநகரங்களில் கோப்பைப் புரட்டும் குமாஸ்தாக்களுக்கு அது பிள்ளையல்ல, பெருக்கம். எந்தக் கணக்கில் எழுத வேண்டிய பெருக்கம் என்பதுதான் கேள்வி. நாலு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுத்தால் ஏழு பேரை அங்கே ஏற்ற வேண்டும் என்று விகிதமும் போட்டார்கள். பதுளையில் இருந்து கோச்சியில் ஏறியவர்கள் தலைமன்னார் வரை அழுதுகொண்டே போனார்கள்; அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று சனம் பெயர் வைத்தது. இங்கே இருந்துவிட்டவர்களுக்கு 2003இல்தான் பிரஜாவுரிமைக் கதை ஒருவழியாக முடிந்தது.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு குற்றச்சாட்டு மட்டும் மாறவே இல்லை: தோட்டத்துச் சனம் அளவுக்கு மீறிப் பெருகுகிறது. 1953 குடிசன மதிப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 12. 2012இல் நூற்றுக்கு 4 சொச்சம். 59 வருடம் விடாமல் பெருகி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த அதிசயச் சனம் நாங்கள். எங்களைப் பார்த்துப் பயந்தவர்கள் கணக்கில் கொஞ்சம் மந்தமாக இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, சனத்தொகை கூடினால் நாட்டுக்குக் கேடு என்பதுதான் கொள்கை என்று நம்புகிறீர்களா? அவசரப்படாதீர்கள். 2011ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முப்படையினருக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தால் ஒரு லட்சம் ரூபா கொடுப்பதாக அறிவித்தார்கள். பிறகு பொலிஸாருக்கும் அது விரிந்தது. படைவீரரின் மூன்றாவது பிள்ளை தேசத்தின் செல்வம். நல்லது, பிறக்கட்டும், நூறு வயது வாழட்டும். அதே நாட்களில், கொழுந்தெடுப்பவளின் மூன்றாவது பிள்ளைக்குச் சட்டம் என்ன வைத்திருந்தது தெரியுமா? பிரசவ லீவு முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள். மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள். மூன்றாவது பிரசவத்தில் உடம்பு பாதிதான் நோகும் என்று எந்த வைத்தியர் சொன்னாரோ. 42ஆம் நாள் பால் கட்டிய மாரோடு மலைக்குப் போக வேண்டும். 2018இல்தான் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள் ஆக்கினார்கள். அந்த லீவுக் காசையும் வாங்க, முந்தின வருடத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மழையில் வேலை நின்று, கொழுந்து இல்லாமல் கிழமைக்கு மூன்று நாள் பேர் கொடுக்கும் தோட்டத்தில் 150 நாள் சேர்ப்பது அவள் சாமர்த்தியம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இங்கே குடம் வயிற்றில் இருக்கிறது.

2013இல் கூத்து உச்சத்துக்குப் போனது. சிங்களவர் இனம் அருகுகிறது, குடும்பக் கட்டுப்பாட்டை நிறுத்து என்று பொதுபல சேனா என்ற பிக்குகள் அமைப்பு மேடை மேடையாகக் கூவியது. அதே வருடம் ஓகஸ்டில் கிளிநொச்சிப் பக்கம் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சிக் கிராமங்களில், பிள்ளைகளின் நிறை பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்ட தாய்மாருக்குத் தோலுக்குக் கீழே வைக்கும் கருத்தடைக் குச்சியை வற்புறுத்தி வைத்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஒரே சுகாதாரத் துறை, ஒரே வருடம். எந்தக் கருப்பை திறக்க வேண்டும், எந்தக் கருப்பை பூட்ட வேண்டும் என்பதில் மட்டும் இந்த நாட்டுக்குக் குழப்பம் வந்ததே இல்லை.

இந்த ஞானம் வெள்ளைக்காரனிடம் படித்தது. பசிபிக் கடலில் பீஜித் தீவுகள், அதுவும் அவன் ஆண்ட இடம்தான். 1875இல் பிரித்தானியக் கப்பல் ஒன்று கொண்டுபோய் இறக்கிய சின்னமுத்து நோயில் ஏறத்தாழ 40,000 பீஜியர்கள் செத்தார்கள். பிறகும் சனத்தொகை தேய்ந்துகொண்டே போனது. 1893இல் ஆணைக்குழு வைத்து விசாரித்தார்கள். 1896இல் வந்த அறிக்கை பழியின் பெரும்பகுதியை யார் தலையில் போட்டது? பீஜித் தாய்மார் தலையில். பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்களாம், பாசம் போதாதாம். கரும்புத் தோட்டத்துக்குக் கை போதவில்லை என்று இந்தியாவில் இருந்து ஆள் ஏற்றினார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தில் இருந்தும் எங்கள் சனம் அங்கே போனது. ஒரு தீவில் தாய்மார் குறையப் பெற்றது குற்றம், இன்னொரு தீவில் நிறையப் பெற்றது குற்றம். கப்பலையும் கம்பனியையும் விசாரிக்க மட்டும் எந்தத் தீவிலும் ஆணைக்குழு கிடைக்கவில்லை.

இப்போது கதை இளந்தாய்க்கு வருகிறது. அதிகாரிகளின் வாயில் புதிதாக அகப்பட்டிருக்கும் அவல் அதுதான். தோட்டப்புறங்களில் சிறு வயதுக் கர்ப்பம் அதிகம், இளவயதுத் திருமணம் அதிகம், பெற்றோருக்குப் பொறுப்பில்லை, விழிப்புணர்வு இல்லை. பண்டாரவளையிலோ எல்லவிலோ நல்ல காற்றோட்டமான ஹோட்டல் மண்டபத்தில் செயலமர்வு வைப்பார்கள். பின்னால் ஒரு பெனர், முன்னால் தண்ணீர்ப் போத்தல்கள், மத்தியானம் கோழிக்கறிப் பார்சல். கொழும்பில் இருந்து வந்த நோனா, கலாசாரம்தான் காரணம் என்பார். எந்தக் கலாசாரம் என்று கேட்க அங்கே யாரும் அழைக்கப்பட்டிருக்க மாட்டார்கள்.

கலாசாரம் நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பதினான்கு வயது. தோட்டப் பாடசாலை ஒன்பதாம் தரத்தோடு நிற்கிறது. சாதாரணதரம் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ் காலையில் ஒன்று, வந்தால் உண்டு. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் வாத்தியார் இல்லை. வீட்டில் அம்மா குவைத்தில் இருக்கிறாள், அல்லது சவூதியில். அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார், இல்லாவிட்டால் சாராயத் தவறணையில். தம்பி தங்கச்சிக்குச் சமைத்துப் போட, தண்ணீர் பிடிக்க, பாட்டியைப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் தானாகவே நின்றுவிடுகிறது. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இல் விதி ஆக்கினார்கள். ஏன் பிள்ளை வரவில்லை என்று விசாரிக்க அந்த விதி ஒருநாளும் லயத்துக்கு நடந்து வந்ததில்லை. உடம்பைப் பற்றி ஏழாம் தரத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு புத்தகம் எழுதப்பட்டது. காவி எதிர்த்தது, புத்தகம் அலுமாரிக்குள் போனது. பிறகு ஒரு பையன் கைப்பேசியில் இரண்டு நல்ல வார்த்தை சொல்கிறான். அந்தக் காம்பராவில் அவளிடம் நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள் அவன்தான்.

வயிறு தெரிந்ததும்தான் அரசாங்கம் வருகிறது. அதுவும் எப்படி? ஜீப்பில். பதினாறு நிறையாதவள் என்றால் சட்டம் அதைப் பாலியல் வல்லுறவு என்கிறது. சட்டம் சரிதான், சொல்ல வேண்டியதைத்தான் சொல்கிறது. அவன் விளக்கமறியலுக்குப் போகிறான். அவள் நீதிமன்றம், நன்னடத்தை அதிகாரி, வைத்தியசாலை என்று இழுபட்டு, கைக்குழந்தையோடு அதே காம்பராவுக்குத் திரும்பி வருகிறாள். பதினேழு என்றால் இன்னும் விசித்திரம். கூடி வாழலாம், சட்டம் பிடிக்காது. கல்யாணம் எழுத முடியாது, அதற்குப் பதினெட்டு வேண்டும். பதிவு இல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில் அப்பன் பெயர் எழுத, அவனும் சேர்ந்து வந்து கேட்க வேண்டும். அவன் ஓடிவிட்டால் அந்த இடம் வெறும் கோடு. பிள்ளை முதலாம் வகுப்பில் சேரும் நாளில் அந்தக் கோட்டை வகுப்பு முழுக்க வாசிக்கும். பாடசாலையை விட்டபோது வராத ஜீப், பசியோடு படுத்தபோது வராத ஜீப், அம்மா விமானம் ஏறியபோது வராத ஜீப், இப்போது மட்டும் வழி தெரிந்து வருகிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இங்கே தொட்டிலை ஆட்டவும் ஆள் இல்லை. கிள்ளுவதற்கு மட்டும் ஒரு திணைக்களமே இருக்கிறது.

அம்மாமாரைப் போகாமல் தடுத்தார்களே என்பீர்கள். தடுத்தார்கள். 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது. அப்பன் எத்தனை கைக்குழந்தையை விட்டுவிட்டும் போகலாம், அவனுக்குப் பின்னணியே கிடையாது. 2022இல் டொலர் தீர்ந்தது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. உடனே பிள்ளைப் பாசத்தின் வயதெல்லை ஐந்தில் இருந்து இரண்டுக்கு இறங்கியது. தாய்ப்பாசத்துக்கும் ரூபாவின் மாற்று விகிதத்துக்கும் தொடர்பு உண்டு என்று எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நாங்களே கண்டுபிடித்தோம்.

பிறந்த பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால், அரசாங்கமே அளந்து வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாட்டில் நூற்றுக்கு 17.3. தோட்டப்புறத்தில் 31.7. மூன்று பிள்ளையில் ஒன்று கட்டை. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் திரிபோஷ பைக்கற்றை வீட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் உருண்டை பிடித்துத் தின்கிறார்கள். தாய் தின்னவில்லை, அதனால் விழிப்புணர்வு இல்லை என்று அறிக்கை எழுதுகிறார்கள். தாயின் கண் முன்னால் இன்னும் மூன்று வாய் திறந்திருந்தது என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் போனால் சுவரில் வரைந்த முயல் மட்டும் கொழுத்திருக்கும்.

எங்கள் தலைவர்களை விட்டுவிட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மாதச் சந்தா செக்ரோலில் தவறாமல் வெட்டுப்படுகிறது. அந்தச் சந்தாவை வெட்டக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சங்கங்களின் தலைமையில் எத்தனை பெண்கள் என்று எண்ண ஒரு கையே அதிகம். சம்பளத்துக்குப் பேசினார்கள், மறுக்கவில்லை. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வேலை நிறுத்தத்தில்தான் கிடைத்தது. ஆனால் கருத்தடை லொறி ஏதாவது ஒரு தோட்டத்தில் இருந்து புறப்பட்டபோது எந்தத் தலைவராவது பாதையில் படுத்ததாக நான் கேள்விப்படவில்லை. பொன்னாடை கசங்கும் என்று நினைத்திருக்கலாம். சீதனம் வாங்கும்போதும், பதினாறு வயது மருமகளைக் கூட்டிவந்து வைக்கும்போதும், "நம்ம சாதியில இது சகஜம்" என்று சொல்லும்போதும் லயத்துக்குள்ளேயே நாலு துரைமார் இருக்கிறார்கள் என்பதையும் இந்தத் தலைவர்கள் எந்த மேடையிலும் பேச மாட்டார்கள். வாக்கு ஆம்பிளைகளிடமும் இருக்கிறதல்லவா.

இனி வருவது இந்தக் கூத்தின் கடைசிக் கட்டம். ஆள் பற்றாக்குறை என்று கம்பனிகள் கதறுகின்றன. 1992இல் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்தபோது கூட்டம் கூட்டமாக நின்ற தொழிலாளர் இன்று இல்லை. மலைகள் காடாகிக் கிடக்கின்றன, பன்றியும் சிறுத்தையும் குடியேறிவிட்டன. இளசுகள் கொழுந்தெடுக்க வருவதில்லையாம். ஏன் வருவதில்லை என்று ஆராய வெளிநாட்டு நிபுணர் வேண்டியதில்லை. பாதிப் பேரைக் கப்பலேற்றினீர்கள். இருந்தவர்களின் வயிற்றைக் கட்டினீர்கள். பிறந்து தப்பியவர்கள் உங்கள் காம்பராவைப் பார்த்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கு ஓடினார்கள். இனி யாரைக் கொண்டுவந்து கூடை கொடுப்பீர்கள்?

கம்பனி மட்டுமல்ல, நாடும் பயப்படத் தொடங்கிவிட்டது. 2013இல் மூன்றரை லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்த இலங்கையில் 2023இல் பிறந்தவை இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. பாடசாலைகளில் முதலாம் வகுப்பு சுருங்குகிறது, கிழடுகள் கூடுகின்றன, யார் வரி கட்டுவது என்று கொழும்பில் கவலைப்படுகிறார்கள். அக்கரையில் தமிழ்நாட்டு முதலமைச்சரே 2024இல் ஒரு கல்யாண மேடையில், பதினாறு பிள்ளை பெறலாமா என்று யோசிக்கும் காலம் வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். அங்கே சனத்தொகை குறைந்தால் பாராளுமன்றத் தொகுதி குறையும் என்ற பயம். பயம் எந்தக் கரையில் இருந்தாலும் அது கடைசியில் போய் உட்காரும் இடம் ஒன்றுதான்.

ஆகவே எந்த நேரமும் ஒரு புதிய சுற்றறிக்கை வரலாம். பெறுங்கள், நாட்டுக்காகப் பெறுங்கள் என்று. ஏற்கெனவே நிப்பாட்டிய தாய்மாரின் விவரம் உங்கள் கோப்புகளிலேயே இருக்கும்: எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனையாம் நம்பர் காம்பரா, எந்தத் திகதியில் 500 ரூபா கொடுத்தது. அந்த 500க்கு இத்தனை வருட வட்டி போட்டுக் கொண்டுவாருங்கள். கட்டியதை அவிழ்க்க என்ன விலை என்று அந்தக் கிழவிகள் சொல்வார்கள். இந்தத் தடவை விலை பேசுவது அவர்கள். லொறியையும் அனுப்புங்கள், பரவாயில்லை. படிவத்தை மட்டும் தமிழில் அடித்துக்கொண்டு வாருங்கள்.